கெளுத்தி மீன் மேல் போட்ட பழி

முகத்துவாரக்குப்பத்தில் கோதண்டத்தின் சந்தேகத்துக்குத் தப்பிய ஆள் கிடையாது. தராசுக்காரி எடையில் ஏய்க்கிறாள், வலைக்கடைக்காரன் நூலில் ஏய்க்கிறான், டிவியில் வானிலை சொல்கிறவர் வேண்டுமென்றே பொய் சொல்கிறார். ஐம்பத்தெட்டு வயது மனிதர் கண்ணை மூடிக்கொண்டு நம்பியது சட்டைப்பையில் இருந்த பீடிக்கட்டை மட்டும்தான்.

ஒரு வருடமாக வலது கெண்டைக்காலில் வலி. படகுக்கு நடப்பதற்குள் இரண்டு இடத்தில் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் விட்டுவிடும், நடந்தால் மறுபடி பிடிக்கும். உட்கார்ந்த இடத்திலெல்லாம் ஒரு பீடி. அப்புறம் கட்டைவிரலில் புண் வந்தது. கழிமுகத்தில் இறங்குகிறவன் காலில் புண் என்றால் அது கெளுத்தி முள்தான், அதற்கு மருந்து வெந்நீர்தான். சூடு போதவில்லை என்று மனைவி பச்சையம்மாவைத் திட்டித் திட்டி இன்னும் கொதிக்க வைத்தார். தோல் கொப்பளித்து உரிந்தபோது அவள்தான் அலறினாள். அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எழில்மொழி பாதத்தின் மேல் விரல் வைத்து வெகுநேரம் தேடினார்.

"ரத்தக்குழாய் அடைச்சிருக்குங்க ஐயா. சர்க்கரை இருக்கு, அதோட இத்தனை வருஷப் பீடி. குழாயைத் திறந்துடலாம். தள்ளிப் போட்டா காலே போயிடும்."

கோதண்டத்தின் காதில் கடைசி வார்த்தை மட்டும்தான் விழுந்தது. பக்கத்து வீட்டு மீனவன் சின்னப்பையன், இதே ஆஸ்பத்திரிக்குக் கால்விரலைக் காட்டப் போய் முழங்கால் வரை இழந்து வந்தவன். எல்லாம் கூட்டுக்களவாணிகள் என்று வீட்டுக்குத் திரும்பிவிட்டார். மறுநாள் பச்சையம்மா சின்னப்பையனிடம் கிசுகிசுப்பதையும் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் அவன் ஊன்றுகோலோடு வந்து நின்றான்.

"இன்னா, அவ ஏவி வுட்டாளா?"

"ஆமா மாமு. என் காலை டாக்டரு வேணும்னே எடுத்துட்டாருன்னு தானே நெனச்சிகினு கீறே? ஆறு மாசம் நானும் கெளுத்தி முள்ளுன்னு வெந்நீ ஊத்திகினு கெடந்தேன். அழுகி நாறுனப்புறம்தான் போனேன். வெளிய சொல்ல வெக்கம், பழிய டாக்டரு மேல போட்டேன்."

சுட்டது கூடத் தெரியாத தன் காலைக் கோதண்டம் பார்த்தார். முதல்முறையாகப் பயம் வந்தது. விடிந்ததும் கிளம்பிவிட்டார்.

தொடை வழியாக மெல்லிய கம்பி விட்டு, அடைப்பை பலூனால் விரித்து, உள்ளே ஸ்டென்ட் வைத்தார்கள். கட்டைவிரலை மட்டும் காப்பாற்ற முடியவில்லை. இரண்டு நாள் கழித்து டாக்டர், "பாதத்துல நாடி துடிக்குதுங்க ஐயா" என்றார்.

கோதண்டம் நம்பவில்லை. குனிந்து தானே விரலை வைத்தார். ஒன்றும் இல்லை. பச்சையம்மா அந்த விரலைப் பிடித்துக் கொஞ்சம் தள்ளி வைத்தாள். அங்கே, வலைக்கயிற்றில் சின்ன மீன் இழுப்பது போல, துடித்தது. அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

தொங்கிய சட்டையிலிருந்து பீடிக்கட்டை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"இது மேல மட்டும் எனக்கு சந்தேகமே வரலடி."

அவள் வாங்கி இடுப்பில் செருகினாள். பிறகு அவர் தலையணையைத் தூக்கிப் பார்த்தாள். அடியில் இன்னும் இரண்டு பீடி இருந்தது.