உகுலேலேயில் தொங்கிய ஸ்வரம்

யுத்தகாலத்தில் சாந்தோமில் குடியிருந்தபோது, கூட வேலை பார்த்த நண்பரிடமிருந்து உகுலேலே என்ற நான்கு தந்திச் சின்ன கிட்டார் ஒன்றை வாங்கி வந்தேன். என் வாசிப்பைக் கேட்டு எதிர்வீட்டு நாய்கூட இடம் மாறிப் படுத்தது. ஒரு மாதத்தில் எனக்கு உருப்படியாக வந்தது 'சஸ்பெண்டட் கார்டு' என்கிற ஸ்வரக்கூட்டு ஒன்றுதான். சுட்டுவிரல் தந்தியை அழுத்தியிருக்கும்வரை ஓசை அந்தரத்தில் தொங்கும். விரலை எடுத்து மீட்டினால்தான் பாட்டு முடிந்தது போலிருக்கும். நான் எடுக்கமாட்டேன். கேட்பவர்கள் தவிப்பதைப் பார்ப்பதில் எனக்கு அப்படி ஒரு குஷி.

ஒரு மாலை, பக்கத்துப் போர்ஷன் மேரி அக்கா கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கணவர் ரங்கூனில் வேலை பார்த்தவர். ஜப்பான்காரன் அங்கே நுழைந்தபின் ஒரு கடிதமும் இல்லை. நான் வழக்கம்போல் கடைசியில் விரலை எடுக்காமல் சிரித்தேன்.

"இன்னா தம்பி, முடிக்கலியா?"

"முடிக்காம வுட்டா எப்டி கீது அக்கா?"

"எங்கூடு கீற மாதிரியே கீது" என்றார். "நாளைக்கு மாதா கோயில்ல அவருக்குப் பூசை குடுக்கணும். சொகமா வரணும்னு குடுக்கறதா, ஆத்துமா சாந்திக்குக் குடுக்கறதா? சாமியார் கேட்டா இன்னா சொல்லுவேன்?"

அவசரமாக விரலை எடுத்து மீட்டினேன். ஓசை பிசிறியது.

"பரவால்ல, முடிஞ்சிடுச்சில்ல" என்று எழுந்து போனார்.

தவிக்கவிடுவது எனக்கு ஒரு நிமிட விளையாட்டு. ஒரு சுவர் தள்ளி ஒருவர் அதிலேயே வாழ்ந்ததை நான் பார்க்கவில்லை. வீட்டைக் காலி செய்யும்வரை ரங்கூனிலிருந்து தகவல் வரவில்லை. எந்தப் பூசை கொடுத்தார் என்று கேட்க எனக்குத் துணிச்சலும் வரவில்லை.