வெத்துப் படை

அண்ணனுக்குப் பள்ளியில் கொடுத்த கவர்மெண்ட் லேப்டாப்பில் பாடம் சம்பந்தமாக எதுவும் ஏறியதாக எனக்கு நினைவில்லை. ஏறியதெல்லாம் ஒரு வீடியோ கேமின் முதல் இரண்டு பாகங்கள்தான். அவனுடைய சிநேகிதன் ஒருவன் பென்டிரைவில் கொண்டுவந்து தந்தது.

அதில் வில்லன்களாக ஒரு படை வரும். எல்லோருக்கும் சாம்பல் நிற அங்கி. அடித்தால் கத்த மாட்டார்கள், ஜெயித்தால் சிரிக்க மாட்டார்கள். அவர்களுடைய ராஜா அழுகை, சிரிப்பு, பயம் எல்லாவற்றையும் உருவியெடுத்து, ஆளுக்கொரு விளக்கில் அடைத்துக் கோபுரத்தில் பூட்டிவைத்திருக்கிறான் என்பது கதை. திரையில் ஓடும் இங்கிலீஷை அண்ணன் தெரிந்தவரைக்கும் தமிழில் சொல்வான். தெரியாத இடம் வந்தால், "அது முக்கியமில்ல" என்று தாண்டிவிடுவான். அந்தப் படைக்கு வெத்துப் படை என்று பெயர் வைத்தது நான். ஐந்தாம் வகுப்பில் எந்த ராஜா எந்தக் கோட்டையைக் கட்டினான் என்று கேட்டால், செஞ்சியிலேயே பிறந்தும் திருதிருவென்று முழிப்பேன். வெத்துப் படையின் சட்டதிட்டம் மட்டும் தலைகீழ்ப் பாடம்.

அந்தக் கோடையில்தான் அத்தை வந்தாள். நைனாவுக்கு ஒரே தங்கை. அவலூர்பேட்டையில் கட்டிக்கொடுத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஒரு கட்டைப்பையோடு பஸ்ஸை விட்டு இறங்கி வந்தவள், "இனிமே நான் அங்க போவல" என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. அம்மா நயமாகக் கேட்டுப் பார்த்தாள். நைனா கத்திப் பார்த்தார். அத்தையின் முகத்தில் எதுவும் அசையவில்லை.

"அழுதாலாவது நாலு பேரு நம்புவாங்க. இப்படி ஒக்காந்திருந்தா இவ பக்கம் யாரு பேசறது?" என்று அம்மா சமையல்கட்டில் நைனாவிடம் குறைப்பட்டுக்கொண்டாள்.

எனக்கும் அண்ணனுக்கும் விஷயம் விளங்கிவிட்டது. அத்தை வெத்து. ஆனாலும் சோதித்துப் பார்ப்பது முறையல்லவா? அவளுடைய டீயில் ஒரு கரண்டி உப்பைப் போட்டேன். முழுசாகக் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். மலையிலிருந்து இறங்கி வந்த குரங்கு ஒன்று ஜன்னலில் உட்கார்ந்து பல்லைக் காட்டியபோது நாங்கள் அலறினோம். அத்தை அதையும் வேடிக்கை பார்த்தாள். அண்ணன் என்னைப் பார்த்துத் தலையசைத்தான். இனிச் சந்தேகமே இல்லை.

ஒருநாள் நாங்கள் விளையாடும்போது அத்தை பின்னால் வந்து நின்றாள். இரண்டாம் பாகத்தில் அந்தப் படைக்கு ஒரு பெண் தளபதி. அவளை அண்ணன் வெட்டிக்கொண்டே இருந்தான், அவள் எழுந்துகொண்டே இருந்தாள்.

"இவளுக்கு வலிக்காதாடீ?" என்று அத்தை என்னைக் கேட்டாள்.

என்னிடம் ஒருவர் சந்தேகம் கேட்டது அதுவே முதல்முறை. நான் ராஜா, விளக்கு, கோபுரம் என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன்.

"அப்ப பொறக்கும்போதே இப்படி இல்ல?"

"சேச்சே, பொறக்கும்போது எல்லாரும் நம்மள மாதிரிதான்" என்றேன். அத்தை 'உம்' கொட்டிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

அமாவாசைக்கு முந்தின நாள் அத்தையின் மாமியார், உறவுக்காரர்கள் இரண்டு பேரோடு வந்து இறங்கினார். அத்தையைக் காற்று பிடித்திருக்கிறதாம். மேல்மலையனூருக்குக் கூட்டிப்போய் அம்மனிடம் நிறுத்திவிட்டு, அப்படியே வீட்டுக்கு அழைத்துப் போகிறார்களாம். அம்மா காப்பி கொடுத்தாள். நைனா தரையைப் பார்த்துக்கொண்டு, "சரி, கூட்டினு போங்க" என்கிற இடத்துக்கு வந்துவிட்டார். அத்தையின் கட்டைப்பைகூட வாசலுக்கு வந்துவிட்டது.

"காத்தோ கருப்போ, எனக்கென்னமோ இவ பொறந்ததுலேர்ந்தே கல்லுன்னுதான் தோணுது. இல்லன்னா ஒரு பொம்பள இப்படியா இருப்பா?" என்றார் மாமியார்.

எனக்குப் பொறுக்கவில்லை. அத்தைக்காக அல்ல. கதையைத் தப்பாகச் சொல்கிறாரே என்றுதான்.

"பொறக்கும்போது யாரும் வெத்து இல்ல. யாராவது எடுத்துடுவாங்க" என்றேன் சத்தமாக.

அம்மா என் தொடையில் கிள்ளினாள். உறவுக்காரர்கள் சிரித்தார்கள். நைனா மட்டும் சிரிக்கவில்லை. தலையைத் தூக்கி அத்தையையே பார்த்தார்.

"சின்ன வயசுல கோழிக்குஞ்சு செத்தாக்கூட சோறு தின்னாம அழுவும் இது" என்றார், யாரிடம் என்றில்லாமல். பிறகு குரல் இறங்கியது. "இன்னாம்மா ஆச்சு உனக்கு?"

வந்த நாளிலிருந்து எல்லோரும் அவளிடம் புருஷன் என்ன செய்தான் என்றுதான் கேட்டிருந்தார்கள்.

அத்தை அதே முகத்தோடு, அதே குரலில் சொன்னாள்: "அங்க அழுதா இன்னும் ரெண்டு உழும்ணா. அதான் அழுவறத உட்டுட்டேன்."

எது விழும் என்று எனக்குப் புரியவில்லை. அம்மாவின் விரல் என் தொடையை விட்டுவிட்டது. மாமியார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நைனா எழுந்து நின்றுகொண்டார்.

"நீங்க கெளம்புங்க. கடைசி பஸ் போயிடப் போவுது."

கடைசி பஸ்ஸுக்கு இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது. வந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போனார்கள். அம்மா கட்டைப்பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். நைனாவும் எங்கள் விளையாட்டைக் கவனித்து வந்திருக்கிறார், அதனால்தான் நான் சொன்னதை உடனே பிடித்துக்கொண்டார் என்று எனக்கு ஒரே பெருமை.

அத்தை அதன்பிறகு அங்கே போகவேயில்லை. கோர்ட்டு, கேஸ் எல்லாம் பின்னால் நடந்து, ஒருவழியாக முடிந்தது. இப்போது திண்டிவனத்தில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறாள். தனி வீடு, ஒரு ஸ்கூட்டி.

அந்தக் கோடை முடிந்து பள்ளி திறந்த பிறகு மூன்றாம் பாகம் கிடைத்தது. அண்ணன் சாப்பாடு தூக்கமில்லாமல் விளையாடிக் கோபுரத்தில் ஏறிவிட்டான். விளக்குகளை ஒவ்வொன்றாக உடைத்தான். எதிலும் ஒன்றுமில்லை. ராஜா யாரிடமிருந்தும் எதையும் எடுக்கவே இல்லையாம். அழுகையும் சிரிப்பும் அவர்களுக்குள்ளேயேதான் இருந்தனவாம். தளபதி மண்டிபோட்டு அழுதாள்.

அண்ணனுக்கு வந்ததே ஆத்திரம். "ஏமாத்துறானுங்க! ரெண்டு பார்ட்டு முழுக்க ஒண்ணு சொல்லிட்டு, இப்ப கதைய மாத்திட்டானுங்க!"

பக்கத்தில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "மாத்தலடா. மொதல்லேர்ந்தே அப்படித்தான்" என்றாள்.

முதல் பாகத்தைப் பார்த்தே இராத அத்தைக்கு அது எப்படித் தெரியும்? நானும் அண்ணனும் வெகுநேரம் யோசித்தோம். நாங்கள் பள்ளிக்கூடம் போன நேரத்தில் திருட்டுத்தனமாக விளையாடியிருக்கிறாள் என்று முடிவுகட்டி, அன்றைக்கே லேப்டாப்புக்குப் பாஸ்வேர்டு போட்டுவிட்டோம்.