அவர் என்னைத் தேடக் கூடாது

மேரியக்கா போய்விட்டார் என்ற செய்தி காலை இட்லிக்கு நடுவில் வந்தது. அவருடைய ஒரே மகள் ஸ்டெல்லாதான் போனில் பேசினாள். தூக்கத்திலேயே போய்விட்டார், காபி கொடுக்க எழுப்பியபோதுதான் தெரிந்தது என்றாள். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. மத்தியானம் அந்தோணி அண்ணனுக்கு யார் சோறு கொடுப்பது என்ற கவலைதான் வந்தது. கவலை வந்த வேகத்திலேயே போயும் விட்டது. அதற்கெல்லாம் ஏற்பாடு செய்துவிட்டுத்தான் அந்த அம்மாள் போயிருக்கிறார். தட்டில் இருந்த இட்லியை முழுசாகச் சாப்பிட்டு முடித்தேன். பாதியில் எழுந்திருந்தால் அவருக்குப் பிடித்திருக்காது.

உங்களில் பலருக்கு அவரைக் கவுன் கடை மேரியாகத் தெரியும். விவேக் நகரில் கோயிலுக்குப் போகும் வழியில், கல்யாணப் பெண்களுக்கு வெள்ளைக் கவுனும் முக்காடும் கையுறையும் வாடகைக்கு விட்டவர். உங்கள் வீட்டுக் கல்யாண ஆல்பத்தில் அவர் கடைக் கவுன் கட்டாயம் இருக்கும். அதே கவுனை நாத்தனார் ஆல்பத்திலும் பார்த்துவிட்டு மனம் நொந்தவர்களும் உங்களில் இருக்கலாம். அப்படி ஒரு பெண் சண்டைக்கு வந்தபோது, “துணிக்கு இன்னாம்மா தெரியும், அன்னிக்கு யாரு போட்டாலும் அவதான் பொண்ணு” என்று சொல்லி அனுப்பியதாக என்னிடம் பெருமையாகச் சொன்னார். அவர் கணவர் அந்தோணி அண்ணன் நகரப் பேருந்து ஓட்டுநர். ஓய்வுபெற்ற சில வருடங்களில் அவரை மறதி நோய் பிடித்தது. வீட்டைவிட்டுக் கிளம்பி எங்கெங்கோ போக ஆரம்பித்தார். வேறு வழியில்லாமல் ஓசூர் சாலைப் பக்கம் உள்ள ஓர் இல்லத்தில் சேர்த்தார்கள்.

என் மனைவி சரளாவும் அதே இல்லத்தில், அதே நோயோடு இருக்கிறாள். நான் ஈஜிபுராவிலிருந்து வருவேன், மேரியக்கா விவேக் நகரிலிருந்து வருவார். இப்படித்தான் பழக்கம். என்னை அவர் கவனிக்க ஆரம்பித்தது நல்ல காரணத்துக்காக இல்லை. போய் உட்கார்ந்ததும் சரளாவிடம், “நான் யாரு, சொல்லு பார்க்கலாம்” என்று கேட்பது என் வழக்கம். அவள் சரியாகச் சொன்ன அன்று பழம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவேன். சொல்லாத அன்று ஆட்டோக்காரரிடம் சண்டை போடுவேன். இதைப் பக்கத்து நாற்காலியிலிருந்து சில நாள் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “பரீச்ச வெக்கறத விடுங்க சார். அவங்க பாஸ் பண்ணா மட்டும் மார்க்கு யாருக்கு?” என்றார். அறிமுகம் இல்லாத ஒருவர் இப்படிப் பேசியதில் எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் மறுநாள் நான் கேட்கவில்லை. அன்றைக்கு சரளா தானாகவே என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள்.

அவர் கற்றுக்கொண்டது எல்லாம் பட்டுத் தெரிந்துகொண்டதுதான். அதை மறைக்கவும் மாட்டார். இல்லத்துக்கு வந்த புதிதில் அந்தோணி அண்ணன் தினமும் தன் அம்மா எங்கே என்று கேட்டாராம். மேரியக்கா நேர்மையான மனுஷி, கிறிஸ்துவர், பொய் சொல்லக் கூடாது. அம்மா இறந்து எத்தனையோ வருடம் ஆயிற்று என்று சொல்வாராம். ஒவ்வொரு தடவையும் அண்ணனுக்கு அது புதுச் செய்தி. சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அழுவாராம். சாயங்காலம் மறந்துவிடும், மறுநாள் மறுபடியும் கேட்பார். “உயிரோட இருக்கும்போது எங்க மாமியாருக்கும் எனக்கும் ஆகாதுதான். அதுக்காக அந்தம்மாவ தினம் தினம் சாவடிச்சேன் பாருங்க, அது பாவம் சார்” என்றார். கடைசியில் ஒரு நாள், அம்மா கோயிலுக்குப் போயிருக்கிறார் என்று சொன்னாராம். அண்ணன் சரி என்று சொல்லிவிட்டு டீ குடித்தாராம். அன்றிலிருந்து மாமியார் நிம்மதியாக உயிரோடு இருந்தார்.

பிறகு அண்ணனுக்கு மேரியக்காவையும் தெரியாமல் போயிற்று. அந்த நாளில் நான் பக்கத்தில்தான் இருந்தேன். அண்ணன், தன் தலையில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்த மேரியக்காவின் கையை மெதுவாக விலக்கி, மரியாதையாகச் சொன்னார்: “அம்மா, தப்பா நெனைக்காதீங்க. என் சம்சாரம் ரொம்ப கண்டிப்பு. பாத்தா உங்களையும் பேசும், என்னையும் பேசும். நீங்க கெளம்புங்க.” நான் தலையைக் குனிந்துகொண்டேன். இப்படி ஒன்று எனக்கு நடந்தால் தாங்க மாட்டேன் என்று நினைத்தேன். மேரியக்கா வராந்தாவுக்கு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். வேறு பெண்ணைத் தொடவிடாத புருஷன் விவேக் நகரிலேயே தனக்கு மட்டும்தான் வாய்த்திருக்கிறார் என்றார். அதற்கப்புறம் அண்ணனிடம் பேசும்போது, “உங்க சம்சாரம் கிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன்” என்று ஆரம்பிப்பார். அவரும் நிம்மதியாகத் தலையைக் கொடுப்பார்.

ஆனாலும் ஒரு விஷயம் மட்டும் அவரை அரித்துக்கொண்டே இருந்தது. ஆள் யாரென்று தெரியாவிட்டாலும், மத்தியானச் சோற்றை அண்ணன் அந்தக் கையிலிருந்துதான் வாங்குவார். நர்ஸ்கள் ஊட்டினால் வாயை இறுக்கி மூடிக்கொள்வார். மேரியக்காவுக்குக் காய்ச்சல் வந்த நாள்களில் அண்ணன் பட்டினி. இதற்கிடையில் மேரியக்காவின் இதயம் பலவீனமாகிவிட்டது, மாடிப்படி ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவருக்குச் சாவைப் பற்றிப் பயம் கிடையாது. தனக்குப் பின்னால் அண்ணன் வாசலைப் பார்த்துக்கொண்டு வாயை மூடி உட்கார்ந்திருப்பார் என்பதுதான் பயம். “அவரு என்னைத் தேடக் கூடாது சார். நான் போனது அவருக்குத் தெரியவே கூடாது. அதுக்கு ஒரு வழி பண்ணணும்” என்றார். என் சரளா என்னைத் தேடினால் போதும் என்று நான் ஏங்கிக்கொண்டிருந்த காலம் அது. இந்த அம்மாள் நேர் எதிராகக் கேட்கிறாரே என்று இருந்தது.

வழியை அவரே யோசித்துக் கண்டுபிடித்தார். வேலையில் இருந்த காலம் முழுக்க அண்ணன் மத்தியானச் சாப்பாட்டைப் பேருந்து நிலையத்தில்தான் சாப்பிட்டிருக்கிறார். ஒரு நடைக்கும் அடுத்த நடைக்கும் நடுவில், டைம் கீப்பர் கூப்பிடுவதற்குள் டப்பாவைக் காலி செய்தாக வேண்டும். ஆகவே ஊட்டிவிட ஆள் தேவையில்லை, ஒரு டைம் கீப்பர்தான் தேவை என்று முடிவு செய்தார். என்னை நியமித்தார். “ஊட்டா முகிசி அந்தோணி, காடி ரெடி இதே” என்று சொல்லிக் கொடுத்தார். சாப்பாட்டை முடி, வண்டி தயார் என்று அர்த்தம். பெங்களூரில் இத்தனை வருடம் இருந்தும் என் கன்னடம் காய்கறிக் கடையைத் தாண்டியதில்லை. அவர் என்னை வராந்தாவில் நிறுத்தி, திருப்பித் திருப்பிச் சொல்ல வைத்தார்.

அந்த வாரம் முழுவதும் தான் இல்லத்துப் பக்கமே வரப்போவதில்லை என்று சொல்லிவிட்டார். முதல் நாள் நான் தட்டோடு போய் நின்றேன். வாக்கியத்தைச் சரியாகத்தான் சொன்னேன். அண்ணன் சும்மா இருந்தார். பாவமாக இருந்தது. “கொஞ்சம் சாப்பிடுங்கண்ணே, உங்களுக்குப் பிடிச்ச சாம்பார்தான்” என்று கெஞ்சினேன். அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டுத் தட்டைத் தள்ளிவிட்டார். மேரியக்காவிடம் போனில் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன். “எந்த ஊர் டைம் கீப்பர் சார் டிரைவர் கிட்ட கெஞ்சுவான்? அவருக்கு அது தெரியாதா? சிடுசிடுன்னு சொல்லிட்டு வேற பக்கம் திரும்பிக்குங்க” என்றார்.

சிடுசிடுப்பு எனக்கு இயல்பாக வரும். கல்யாணமான நாளிலிருந்து சரளா குறைசொல்லிக்கொண்டிருந்த குணம் அது. மறுநாள் தட்டை டக்கென்று வைத்தேன், கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னேன். பின்னால் சத்தம் கேட்டது. “ஐது நிமிஷ கொடி சார்” என்றார் அண்ணன். ஐந்து நிமிஷம் அவகாசம் கேட்டார். திரும்பிப் பார்த்தால், தன் கையாலேயே சோற்றைப் பிசைந்து வேக வேகமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் கை அந்த வேலையைச் செய்து எவ்வளவோ காலம் ஆகியிருந்தது.

உடனே மேரியக்காவுக்குப் போன் செய்தேன். முழுசாகச் சாப்பிட்டாரா என்று கேட்டார். முழுசாக, அதுவும் தானாகவே என்றேன்.

“என்னைக் கேட்டாரா சார்?”

“இல்லக்கா. கேக்கல.”

“அப்பாடா” என்றார். “நான் போய்ப் படுக்கறேன் சார். மத்தியானத்துல தூங்கி ரொம்ப நாளாச்சு.”

அவர் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். புருஷன் தன்னைக் கேட்கவில்லை என்று தெரிந்ததும் நிம்மதியாகத் தூங்கப் போன மனைவியை நான் அதுவரை பார்த்ததில்லை. அந்த வாரம் முடிவதற்குள் இல்லத்துப் பணியாளர்களுக்கும் அதே வாக்கியத்தைப் பழக்கினோம். கன்னடம் அவர்கள் தாய்மொழி, என்னைவிட நன்றாகவே அதட்டினார்கள். அதன் பிறகு மேரியக்கா விருந்தாளி மாதிரி வந்து போனார். சாயங்காலம் வருவார், அண்ணனோடு வெயிலில் உட்கார்ந்து கடலை உரித்துத் தின்பார். அப்போதுதான் எனக்கும் ஸ்டெல்லாவுக்கும் சேர்த்து ஒரு கட்டளை போட்டார். தான் போனபின் அடக்கத்துக்கு அவரைக் கூட்டி வரக்கூடாது, சொல்லவும் கூடாது. “எங்க மாமியாருக்கு நான் பண்ணத எனக்கு யாரும் பண்ணாதீங்க” என்றார்.

அவர் போன அன்று அந்தக் கட்டளைக்குத்தான் சோதனை வந்தது. நான் விவேக் நகர் வீட்டுக்குப் போனபோது, அண்ணனை அழைத்து வர வண்டி பேசியாகிவிட்டது. பேசியவர் நீலசந்திராவில் இருக்கும் அருளப்பன், அந்தோணி அண்ணனின் கூடப்பிறந்த மூத்தவர். கட்டினவன் ஒரு பிடி மண் போடாமல் அடக்கம் செய்தால் ஊர் என்ன பேசும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஊருக்காக மட்டும் அவர் கேட்கவில்லை, தம்பிக்காகவும்தான் கேட்டார். அழுது அவர் முகம் வீங்கியிருந்தது. ஸ்டெல்லா ஐஸ் பெட்டியின் பக்கத்தில் நின்றுகொண்டு என்னைப் பார்த்தாள். அம்மா போட்ட கட்டளையும் அவளுக்குத் தெரியும், பெரியப்பாவை எதிர்த்துப் பேசியும் அவளுக்குப் பழக்கமில்லை. அவர்கள் உறவில் நான் யாருமில்லை. இருந்தாலும் வாயைத் திறந்தேன்.

“ஒரு தடவ சொல்லிட்டாப் போதுமே சார், அவனும் அழுது தீத்துக்குவான் இல்ல?” என்றார் பெரியவர்.

“ஒரு தடவையோட போகாதுங்கய்யா. சாயங்காலம் மறந்துடுவாரு. நாளைக்கு சம்சாரம் எங்கன்னு கேட்டா மறுபடியும் சொல்லணும். தினமும் அவருக்கு இன்னிக்குத்தான் அவங்க போன நாளா இருக்கும்.”

பெரியவர் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டார். “அப்ப அவனுக்காகவும் சேத்து நான் போடறேன்” என்றார். வண்டிக்காரரைத் திருப்பி அனுப்பினார்கள்.

நான் கல்லறைக்குப் போகவில்லை. விவேக் நகர் கோயிலில் பூசை நடந்த நேரத்தில் இல்லத்தில் அண்ணன் முன்னால் தட்டை வைத்துவிட்டு நின்றேன். முகத்தைத் திருப்பிக்கொள்வது அன்று மிகவும் வசதியாக இருந்தது. அவர் எப்போதும் போல அவகாசம் கேட்டார். ரசத்துக்கு இன்னும் கொஞ்சம் சோறு வாங்கினார். சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார். வாசலை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. எனக்குத் துக்கமாகவும் இருந்தது, பெரிய பாரத்தை இறக்கி வைத்த மாதிரியும் இருந்தது. இரண்டாவதுதான் அதிகம், உள்ளதைச் சொல்கிறேன்.

சாயங்காலம் ஸ்டெல்லா அடக்கத்திலிருந்து நேராக அங்கே வந்தாள். அப்பா முன்னால் அழக்கூடாது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறாள். உள்ளே வந்ததும் கண் நிறைந்துவிட்டது. அண்ணன் அவளை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. ஆனால் பார்த்ததும் எழுந்து நாற்காலியைக் காட்டினார்.

“ஏம்மா, சாப்டியா?” என்றார்.

அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

“எங்க வீட்டுக்குப் போ. விவேக் நகர்ல, கோயிலாண்ட. மேரின்னு கேட்டா யாரும் சொல்வாங்க. நான் அனுப்பிச்சேன்னு சொல்லு, அவ சோறு போடுவா.”

“சரிப்பா, போறேன்” என்றாள் ஸ்டெல்லா. வெளியே வந்து வராந்தாவில் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுது முடித்தாள். வண்டியைத் திருப்பி அனுப்பியது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று சொல்லிக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு இருவரும் எதிரே இருந்த ஓட்டலில் தோசை சாப்பிட்டோம். அவளுக்கு நல்ல பசி.

மேரியக்காவின் நினைவாக இதை எழுதச் சொன்னவர்கள், மேரியக்காவிடமிருந்து நீங்கள் எதை வைத்துக்கொண்டீர்கள் என்று கேட்டார்கள். வைத்துக்கொண்டதைவிட விட்டதுதான் பெரிசு. சரளா என்னைத் தேட வேண்டும் என்ற ஆசையை விட்டுவிட்டேன். நான் முன்னால் போகிறேனோ அவள் போகிறாளோ, யாருக்குத் தெரியும். அவள் விரும்பிச் சாப்பிடுவது எது, எந்தப் பேச்சுக்குச் சிரிப்பாள் என்பதையெல்லாம் இப்போது நர்ஸ்களுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அவர்களும் ஆர்வமாகக் கேட்டுக்கொள்கிறார்கள். நேற்று நான் கிளம்பும்போது அவள் ஒரு நர்ஸிடம் கொழுக்கட்டை மாவு கிளறுவதைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தாள். போய் வருகிறேன் என்றேன். சரி என்று கையை ஆட்டிவிட்டு மாவுக்குத் திரும்பிவிட்டாள். வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தேன். பேச்சு சுவாரசியத்தில் இருந்தாள். எனக்கு நிம்மதியாக இருந்தது.