ஜன்னல் விளிம்பில் அப்பாவின் வண்டி

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பெரும்பாலோர் அப்பாவின் வண்டியில் ஒருமுறையாவது ஏறியிருப்பீர்கள். கல்யாணச் சீரோடு, தக்காளிப் பெட்டிகளோடு, வீரபாண்டித் திருவிழாவுக்கு, அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்கு. பின்பக்கப் பலகையில் கால் வைத்து ஏறும்போது "பாத்து, ஆணி இருக்கு" என்று முன்னாலிருந்து ஒரு குரல் வருமே, அந்தக் குரலுக்குரியவர் நம்மை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. அவரைப் பற்றி எழுதும்படி அம்மா என்னிடம் சொன்னார். எங்கே தொடங்கினாலும் எழுத்து வண்டியில் போய்த்தான் நிற்கிறது. ஆகவே வண்டியிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் ஏறிய பெரிய வண்டி அல்ல. ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலாக நீளமுள்ள சின்ன வண்டி.

அதற்கு முன் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டியவை உண்டு. அப்பா பிறந்தது தேவதானப்பட்டியில். தாத்தா சீக்கிரமே தவறிவிட்டதால் படிப்பு பாதியில் நின்றது. மீசை முளைக்கும் முன்பே லாரியில் கிளீனராக ஏறிவிட்டார். ஆண்டிபட்டியில் சேலைக் கட்டுகளை ஏற்றப் போன இடத்தில் நெசவுக்கார வீட்டுப் பெண்ணான அம்மாவைப் பார்த்து, தானே போய்ப் பெண் கேட்டார். லாரியிலேயே படுத்துத் தூங்குகிறவருக்கு வீடு எது என்று அங்கே கேட்டிருக்கிறார்கள். "கம்பத்துல பாத்து வச்சிருக்கேன்" என்று அப்பா சொன்னாராம். அதன் பிறகுதான் கம்பத்துக்கு வந்து வீடு தேடியிருக்கிறார். இதை அம்மா இன்றைக்கும் சிரிக்காமல் சொல்வார். கேட்கிற நாங்கள் சிரிப்போம்.

1996இல் அந்தப் பழைய டீசல் பிக்கப் எங்கள் வாசலுக்கு வந்தது. எனக்கு ஏழு வயது. வந்தபோதே அது பழசு. பச்சையாக இருந்ததை அப்பா நீலமாக அடித்து, நெற்றியில் 'கௌமாரியம்மன் துணை' என்று எழுதச் செய்தார். திராட்சைக் காலத்தில் வண்டி வருவதற்கு முன்பே அதன் வாசனை தெருவுக்குள் வந்துவிடும். குமுளி மலைப் பாதையில் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து போன காலை நேரங்கள் எனக்கு இப்போதும் கனவில் வருகின்றன. மேகம் கண்ணாடிக்குள்ளேயே வந்துவிட்டது போலிருக்கும். பாதை தெரியாது. அப்பாவின் வலது கை மட்டும் ஸ்டியரிங்கில் தெரியும். அந்தக் கை இருக்கிறவரை எனக்குப் பயமில்லை.

நான் மதுரையில் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது அந்தக் கை விழுந்தது. பக்கவாதம். பேச்சு மெதுவாகத் திரும்பியது, கை திரும்பவில்லை. ஓட்ட ஆளில்லாத வண்டி வாசலில் நின்று துருப்பிடிப்பதைப் பார்க்க முடியாமல், வண்டியை விற்றுவிட அம்மாவும் அப்பாவும் சேர்ந்துதான் முடிவெடுத்தார்கள். ஆனால் வண்டி கிளம்பிய சத்தம் கேட்டதும் அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். பிறகு நாள் முழுக்க அப்படியேதான் கிடந்தார். கைக்குப் பயிற்சி கொடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த சகோதரி, விரலை அசைத்துப் பழகினால் கை வர வாய்ப்பிருக்கிறது, விட்டுவிட்டால் வராது என்று தெளிவாகச் சொன்னார். ரப்பர் பந்து ஒன்றையும் கொடுத்தார். அப்பா அதைத் தொடவில்லை.

"இந்தக் கை இனிமே எதப் பிடிக்கப் போகுது?" என்றார்.

அவரை எப்படியாவது இந்தப் பக்கம் திருப்ப வேண்டும். எனக்கிருந்த ஒரே எண்ணம் அதுதான். கல்லூரிக்கு எதிரே இருந்த இன்டர்நெட் சென்டரில் ஒருநாள், வெளிநாட்டில் ஆட்கள் வண்டிகளைக் கைக்கடக்கமாகச் செய்து வைத்திருக்கும் படங்களைப் பார்த்தேன். செய்வது ஒரு பாதிதான். செய்து முடித்ததைப் பழசாக்குவது மறு பாதி. துரு, புழுதி, வெயிலில் வெளுத்த பெயின்ட் எல்லாவற்றையும் கையாலேயே கொண்டுவருகிறார்கள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்த வாரமே ஊருக்கு வந்து, வண்டியின் பழைய போட்டோக்களை வைத்துக்கொண்டு பதினெட்டில் ஒரு பங்கு அளவில் வரைந்தேன்.

அப்பாவின் நண்பரான பட்டறை மாமா எண்ணெய் டின் தகட்டை நான் வரைந்தபடி வெட்டி, மடித்துக் கொடுத்தார். "நெசமான வண்டிக்கே நான் இம்புட்டுப் பாடுபட்டதில்ல மருமகளே" என்று முணுமுணுத்துக்கொண்டேதான் கதவுக்குக் கீல் வைத்தார். பின்பக்கப் பலகைகள் ஐஸ் குச்சிகள். டயர்கள் பழைய ரப்பர் செருப்பு. முன்விளக்குகளுக்கு எதுவும் பொருந்தாமல், கடைசியில் அப்பாவின் மாத்திரை அட்டையிலிருந்த குமிழ்களையே வெட்டி ஒட்டினேன். பளபளவென்று நீலம் அடித்து, அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன்.

அப்பா திரும்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"நல்லாருக்கு ஆத்தா. யார் வண்டி இது?"

அவ்வளவுதான். மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்றிலிருந்து பழசாக்கும் வேலை தொடங்கியது. பெயின்ட் முழுவதையும் சுரண்டினேன். முதலில் துரு நிறம் அடித்தேன். அது காய்ந்ததும் ஈரம் தொட்டு அங்கங்கே உப்புக்கல் ஒட்டி, மேலே நீலத்தை அடித்தேன். பிறகு உப்பைக் கரைத்துவிட்டால் அந்த இடங்களில் நீலம் பெயர்ந்து உள்ளேயிருக்கும் துரு எட்டிப்பார்க்கும். செங்கல் தூளையும் சாக்பீஸ் தூளையும் குழைத்துச் சக்கரங்களுக்கு மேல் புழுதி தடவினேன். வாசலில் உட்கார்ந்து நான் இதையெல்லாம் செய்வதை அம்மாவால் தாங்க முடியவில்லை.

"காலேசுல சேத்துவிட்டது புது வண்டிய அழுக்காக்குறதுக்காடி? அதுக்கு நம்ம தெருவுல ரெண்டு நாள் போட்டு வச்சா போதுமே."

ஒவ்வொரு விடுமுறைக்கும் வண்டியை அப்பாவிடம் காட்டினேன். முதல் முறை அவர் திரும்பாமலே கேட்டார், இடது கதவில் நெளிவு இருக்கிறதா என்று. மலைப் பாதையில் எதிரே வந்த பஸ்ஸுக்கு வழிவிட்டு மைல்கல்லில் உரசிய நெளிவு அது. அடுத்த முறை, பின்பக்கத்தில் ஒரு பலகை மட்டும் வேறு மரமாக இருக்க வேண்டும் என்றார். சுருளிப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பிரசவ வலியோடு ஒரு பெண்ணை ஏற்றி வந்தபோது, அவரை இறக்குவதற்காகப் பெயர்த்த பலகை திரும்பக் கிடைக்கவே இல்லையாம். அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. அப்பா சொல்லும்வரை இது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. இடது கதவின் கைப்பிடி ஏன் தேய்ந்து மின்ன வேண்டும் என்றும் சொன்னார். உள்ளேயிருந்து திறக்காத கதவு அது. சந்தைக்குப் போகும்போதெல்லாம் அம்மா ஜன்னல் வழியே கையை வெளியே விட்டுத்தான் திறப்பார். பென்சில் கரியைத் தேய்த்து அந்த மினுக்கத்தைக் கொண்டுவந்தேன். திராட்சைச் சாறு ஊறிய கறை மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. எந்தப் பெயின்டைக் கலந்தாலும் பேனா மை கொட்டியது போலவே இருந்தது.

அப்பா இப்போது எங்கள் பக்கம் திரும்பிப் படுக்கத் தொடங்கியிருந்தார். ஆனாலும் வண்டியைப் பார்த்துவிட்டு "இன்னும் வரலத்தா" என்பார். தொட மாட்டார். பந்தையும் தொட மாட்டார்.

ஆயுத பூஜையன்று காலை மதுரையிலிருந்து வந்து இறங்கினேன். வாசலில் சைக்கிள், அரிவாள்மனை, இஸ்திரிப் பெட்டி, அப்பாவின் ஸ்பேனர்கள் எல்லாம் கழுவிக் காயவைத்திருந்தன. அந்த வரிசையின் கடைசியில் என் வண்டியும் தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றது. அம்மா அதைச் சோப்புத் தூள் போட்டு, பழைய பிரஷ்ஷால் இண்டு இடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவியிருந்தார். மாதக்கணக்கில் தடவிய புழுதியில் ஒரு துளி மிச்சமில்லை. நான் போட்ட கூச்சலைப் பக்கத்து வீட்டார் மறந்திருக்க மாட்டார்கள்.

அம்மா அசரவில்லை. "ஆயுத பூசையும் அதுவுமா அழுக்கு வண்டியக் கும்பிடச் சொல்றியா? உங்கப்பா ஒரு வருசமாவது கழுவாம சந்தனம் வச்சிருப்பாகளா?"

உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வந்தது. "சத்தம் போடாதத்தா. அத இங்கன கொண்டா."

கொண்டுபோய் ஜன்னல் விளிம்பில் வைத்தேன். அம்மா பின்னாலேயே வந்து, தீக்குச்சி முனையால் நெற்றியில் சந்தனமும் அதன் மேல் குங்குமமும் வைத்தார். தும்பைப் பூவைக் கோத்து முன்பக்கம் மாட்டினார். கழுவிய நீலத்தில் நெளிவும், பெயர்ந்த பெயின்டும், வேறு மரப் பலகையும், தேய்ந்த கைப்பிடியும் தனித்தனியாகத் தெரிந்தன. படுத்திருந்த அப்பாவின் கண்ணுக்குச் சரிமட்டத்தில் வண்டி. அதன் பின்னால் ஜன்னல் நிறைய மலை. நானும் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். வண்டி குமுளிப் பாதையில் நின்றுகொண்டிருந்தது. மேலே மேகம் இறங்கிக்கொண்டிருந்தது.

"இதுதான் நம்ம வண்டி" என்றார் அப்பா. பிறகு என்னைப் பார்த்து, "மத்த நாளெல்லாம் புழுதியத்தான் பாப்போம். கழுவுன அன்னைக்குத்தான் வண்டியப் பாப்போம்" என்றார்.

சக்கரங்களைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எலுமிச்சம்பழம் எங்க?"

அத்தனை சின்னச் சக்கரத்தில் நசுங்கும் எலுமிச்சம்பழத்துக்கு எங்கே போவது? அம்மா கொல்லைக்குப் போய், துணி துவைக்கும் கல்லோரம் நிற்கும் மணத்தக்காளிச் செடியிலிருந்து நான்கு பழங்களைப் பறித்துவந்து சக்கரத்துக்கு ஒன்றாக வைத்தார். நான் தள்ளப் போனேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அப்பாவின் வலது கை போர்வைக்கு வெளியே வந்தது. இடது கை அதைத் தூக்கி ஜன்னல் விளிம்பில் வைத்தது. அதன் பிறகு இடது கை விலகிக்கொண்டது. வலது கையின் இரண்டு விரல்கள் வண்டியின் கூரையைத் தொட்டன, நடுங்கின, அழுத்தின. வண்டி ஒரு விரற்கடை நகர்ந்தது. பழங்கள் நசுங்கின.

"ம். போலாம்" என்றார்.

அதன் பிறகு அவர் தினமும் அந்த விளிம்பில் வண்டி ஓட்டினார். பயிற்சிக்கு வந்த சகோதரி பந்தை எடுத்துப் போய்விட்டார். காபி தம்ளரைத் தானே பிடிக்கும் அளவுக்குக் கை வந்தது. ஏறக்குறைய ஓராண்டு அப்பா எங்களோடு இந்தப் பக்கம் பார்த்தே இருந்தார். பக்கவாதம் இரண்டாவது முறை வந்தபோது அதிகம் துன்பப்படவில்லை. விடிந்த பொழுதில், மலை தெளியும் நேரத்தில், அமைதியாகப் போய்விட்டார்.

தகடு வெட்டித் தந்த பட்டறை மாமாவுக்கும், கோபித்துக்கொள்ளாமல் வந்து போன அந்தச் சகோதரிக்கும், அப்பாவைத் தூக்கவும் புரட்டவும் வேளை பார்க்காமல் வந்த தெருக்காரர்களுக்கும், தேவதானப்பட்டியிலிருந்தும் ஆண்டிபட்டியிலிருந்தும் இன்று வந்திருக்கும் சொந்தங்கள் எல்லோருக்கும் அம்மாவும் நானும் கைகூப்புகிறோம்.

சாப்பிட்டு முடித்ததும் உள்ளே வாருங்கள். அப்பாவின் கட்டிலும் ஜன்னல் விளிம்பில் வண்டியும் அங்கேயே இருக்கின்றன. படுத்து, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். சக்கரங்களில் ஊதாக் கறை தெரியும். எனக்குக் கடைசிவரை பிடிபடாத அந்தத் திராட்சை நிறம் அதுதான். அன்றைக்கு மணத்தக்காளியை நசுக்கி அப்பா வைத்த கறை. அதைத் தயவுசெய்து யாரும் துடைத்துவிட வேண்டாம். போன ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவியபோது அம்மாவும் அந்தச் சக்கரங்களில் மட்டும் தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டார்.