நடை சாத்தியிருந்த புதன்கிழமை

எனக்கு எண்பத்தோரு வயது நடக்கிறது. பெற்றது ஆறு. கொழுந்தனார் தவறிப்போன பிறகு அவர் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்து வளர்த்தது எட்டு. எட்டில் ஒன்றுகூடச் சோடைபோகவில்லை. பெருமைக்குத்தான் சொல்கிறேன். எனக்குக் கையெழுத்துப் போடுகிற அளவுக்குத்தான் எழுத்து. நான் சொல்லச் சொல்ல என் மகள் வயிற்றுப் பேத்தி எழுதுகிறாள். எங்கள் காளியாத்தா எனக்குச் செய்ததை, அவளைக் கும்பிடுகிற நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பதாம் வருடம். தை பிறந்து, வேப்பந்தட்டைப் பக்கம் எங்கள் ஊரில் பருத்தி எடுப்பு மும்முரமாக இருந்தது. இரண்டு பேர் எடுக்கிற பஞ்சை நான் ஒருத்தி எடுப்பேன். உட்கார்ந்து சாப்பிட்டதாக எனக்கு ஞாபகமே இல்லை. கொஞ்சம் கண் அசந்தால், "செத்த சவமே, எந்திரிடி" என்று என்னை நானே வைதுகொண்டு எழுந்திருப்பேன்.

ஒருநாள் காலையில் சோற்றுப் பானையை அடுப்பிலிருந்து இறக்கினேன். வலது கையில் பானை இருப்பதே தெரியவில்லை. மரக்கட்டை மாதிரி இருந்தது கை. பானை நழுவி, கொதிக்கிற கஞ்சி தரையெல்லாம் ஓடியது. என் கடைக்குட்டி ஒரு சாண் தள்ளி உட்கார்ந்திருந்தான். என் உயிர் அப்படியே நின்றுபோனது. ஈரக்கை வழுக்கிவிட்டது என்று எல்லோரிடமும் பொய் சொன்னேன்.

பெரம்பலூரில் ஒரு டாக்டரிடம் காட்டினேன். "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்கம்மா, தானா சரியாகும்" என்றார். மருந்து இல்லாத வியாதி, அதனால்தான் ரெஸ்ட் என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். கை போனால் எட்டுப் பிள்ளைகளுக்கு யார் பொங்கிப் போடுவது?

காளியாத்தாளிடமே போவது என்று முடிவு செய்தேன். அவள் கோயிலில் திங்களும் வெள்ளியும் மட்டும்தான் நடை திறக்கும். மற்ற நாட்களில் அவள் மலையில் இருப்பாள் என்பது ஐதீகம். மாவிளக்கு போட வீட்டிலிருந்து மாவு கொண்டுபோகக் கூடாது. கோயில் உரலிலேயே இடிக்க வேண்டும். அரிசியை ஊறவைத்துத் துணியில் முடிந்துகொண்டு, யாரிடமும் சொல்லாமல் முதல் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

போய்ப் பார்த்தால் கோயில் வாசல் வெறிச்சென்று கிடந்தது. பெரிய பூட்டு. உரல்களில் சருகு நிறைந்திருந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒருத்தியிடம், "வெள்ளிக்கெழமையும் அதுவுமா ஏன் நடை தொறக்கல?" என்று கேட்டேன்.

"வெள்ளியா? இன்னைக்குப் புதன்கெழமை. நீ எந்த ஊரும்மா, அசலூரா?"

தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. சின்ன வயதிலிருந்து கும்பிடுகிற கோயில். எனக்கா கிழமை தப்பியது? "கிறுக்கச்சி, மூதேவி, ஒனக்குக் கெழமைகூடத் தெரியலையேடி" என்று படபடவென்று தலையில் அடித்துக்கொண்டேன்.

அவள் என் கையை எட்டிப் பிடித்தாள். "ஏம்மா, அடுத்தவ புள்ளைய இப்படி அடிப்பியா நீ? நீயும் ஒருத்தி பெத்த புள்ளதான? ஒக்காரு செத்த நேரம். ஆத்தாளே வெள்ளிக்குத்தான் எறங்கி வருவா, அதுவரைக்கும் மலையில ஓய்வுதான். நீ என்ன அவளவிட ஒசத்தியா?" என்று சிரித்துவிட்டு ஆட்டின் பின்னால் போய்விட்டாள்.

எனக்குச் சுருக்கென்று இருந்தது. என் பிள்ளை ஒன்றையும் நான் அப்படி அடித்ததில்லை. பூட்டின கதவைப் பார்த்து, "ஆத்தா, என் கைக்கு உசுரு குடு" என்று மட்டும் கேட்டேன். பஸ் வர நேரமிருந்தது. வேப்பமரத்தடியில் சாய்ந்தேன். அவ்வளவுதான் தெரியும்.

விரலில் சுரீர் என்றதும் விழித்தேன். வெயில் மேற்கே சாய்ந்திருந்தது. கட்டெறும்பு கடித்திருந்தது. எந்தக் கையில் என்று பார்த்தேன். வலது கை. வலித்தது. எனக்கு வலித்தது. நம்ப முடியாமல் கிள்ளிக் கிள்ளிப் பார்த்தேன். அந்தப் பூட்டின கதவுக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து ஓவென்று அழுதேன். வேலை செய்யப் பலம் கேட்க வந்தவளை அவள் தூங்கவைத்து அனுப்பினாள்.

விளக்கு வைக்கிற நேரம் வீடு வந்தேன். பிள்ளைகள் பசியில் கதறும் என்று பயந்து வந்தால், எல்லாம் களி தின்றுவிட்டு விளையாடிக்கொண்டிருந்தன. கிண்டியது எங்கள் வீட்டுக்காரர். கட்டி தட்டிய களிதான். நான் இல்லாமலும் அடுப்பு எரியும் என்பது எனக்கு இரண்டாவது அதிர்ச்சி. அன்றைக்குத்தான் கையைப் பற்றி அவரிடம் சொல்லி அழுதேன். "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல புள்ள" என்றார்.

வெள்ளிக்கிழமை அவரும் கூட வந்தார். உலக்கையை அவரே வாங்கி இடித்தார். "பாருங்கடி, ஆம்பள மாவு இடிக்கிறாரு, பொண்டாட்டி ஒக்காந்து பாக்குறா" என்று பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், உட்கார்ந்தபடியே.

கை முழுக்கச் சரியாகப் பங்குனி தாண்டியது. அன்றுமுதல் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்ச நேரம் படுக்காமல் நான் இருந்ததில்லை. வெள்ளிக்கிழமை வயல்காட்டில் களை வெட்டக் களைக்கொட்டைத் தொட்டதில்லை. "மகாராணிக்கு இன்னைக்கு லீவாம்" என்பாள் பக்கத்துக் காட்டுக்காரி. "ஆத்தாளுக்கே அஞ்சு நாள் லீவுடி, எனக்கு ஒண்ணு கூடாதா?" என்பேன். என்னை நானே வைவதையும் விட்டுவிட்டேன்.

தாய்மாரே, அவளிடம் கேளுங்கள், கட்டாயம் கொடுப்பாள். கேட்டுவிட்டு, கவலையை அவளிடமே விட்டுவிட்டுக் கொஞ்சம் படுங்கள். அவள் பார்த்துக்கொள்வாள். நான் கண்டதைத்தான் சொல்கிறேன்.

போதும் கண்ணு, பேனாவ வை. ரொம்ப நேரமா எழுதுற. கைய உதறிக்க, தண்ணி குடி. ஒண்ணும் அவசரமில்ல. அப்புறம் இந்த அம்மாயிக்கு மொதல்லேருந்து படிச்சுக் காட்டு.