நெல் மூட்டைகளுக்கு நடுவே ஒரு கிடார் பதிவு

எண்பதுகளின் தொடக்கம். கல்யாணமாகி எங்களுக்குத் தலை ஆடிகூட வந்திருக்கவில்லை. என் வீட்டுக்காரர் உத்திரமேரூர் மெல்லிசைக் குழு ஒன்றில் எலெக்ட்ரிக் கிடார் வாசித்துக்கொண்டிருந்தார். கூரம் என்ற ஊரில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளைக்குக் கிடார் என்றால் உயிராம். அதைத் தனியாகக் கேசட்டில் கேட்ட பிறகுதான் கச்சேரி பேசுவார்களாம். உடனே இவர் மைக் செட் கடையிலிருந்து ஒரு டேப்ரெக்கார்டரையும் மைக்கையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

மாமியார் நடவுக்குப் போயிருந்தார். பம்பு செட்டுகளுக்குக் கரண்ட் நின்று, எங்கள் தெருவுக்கு நல்ல வோல்டேஜ் வந்த மதியம். முதலில் கூடத்தில் பதிவு பண்ணிப் பார்த்தோம். போட்டுக் கேட்டால் தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி இருந்தது. கூடவே பக்கத்து வீட்டுக் கோழி. கிடார் சத்தம் வருகிற ஸ்பீக்கர் பெட்டியான ஆம்ப்ளிஃபயரை நெல் மூட்டை அறைக்குள் தள்ளினோம். எதிரொலியை மூட்டைகள் விழுங்கிக்கொண்டன. அவர் கூடத்தில் கிடாரோடும் டேப்ரெக்கார்டரோடும் உட்கார்ந்தார். நான் உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு மைக்கைப் பிடித்தேன்.

ஒவ்வொரு தரமும் கொஞ்சம் வாசிப்பார், போட்டுக் கேட்பார், கத்துவார்.

"நடுவுல வெக்காதமே, கரகரன்னுது! ஓரமா கொண்டா!"

"எந்த ஓரம்யா? பெட்டிக்கு நாலு ஓரம் கீது!"

வளையல் சத்தம் கேட்கிறது என்றார். வளையல்களை முழங்கை வரை ஏற்றிக் கைக்குட்டையால் கட்டினேன். ஸ்பீக்கரின் விளிம்புப் பக்கமாக மைக்கை லேசாகச் சாய்த்தபோது, "அங்கியே! அசையாத!" என்று ஒரு கூச்சல்.

அப்புறம் வாசித்தார் பாருங்கள்! தரையில் சிந்தியிருந்த நெல்மணிகள் துள்ளின. அதிர்வு என் பாதத்தில் புகுந்து தொடை வரை ஏறியது. சிரிப்பு முட்டியது, நெல் தூசியில் மூக்கும் அரித்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். கடைசி நரம்பின் ஒலி அடங்கியதும் தும்மினேன்.

அவர் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார். "தும்மிட்டியா?"

"முடிஞ்சப்புறம்தான்யா தும்மனேன்!"

இரண்டு பேரும் மூட்டைமேல் சாய்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம்.

"நீ வாசிச்சா கேட்டுக்கினே இருக்கலாம்யா. சோறே வாணாம்."

"அப்ப உன் பங்கு மீனு எனக்கு."

"மீன்ல கை வெச்சியோ, கடிச்சிருவேன்!"

டேப் ஓடிக்கொண்டே இருந்ததை இரண்டு பேருமே கவனிக்கவில்லை. திரும்பப் போட்டுக் கேட்காமலே அவர் கேசட்டைக் கடையில் கொடுத்துவிட்டார்.

மறுநாள் கல்யாண வீட்டார் மைக் செட் கடைக்கு வந்தார்கள். கடைக்காரர் பெருமைக்காகக் கேசட்டைக் குழாய் ஸ்பீக்கரில் போட்டுவிட்டார். நான் கடைத்தெருவில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தேன். கிடார் கணீரென்று முழங்கியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்து ஊரே அதிரும்படி ஒரு தும்மல். "சோறே வாணாம்" என்று என் குரல். தக்காளிக்காரி என்னையே பார்த்தாள். "கடிச்சிருவேன்" வந்ததும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ஓடினேன். வழியெல்லாம் சிரிப்பு.

வாசலில் மாமியார் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார். "இன்னாடி மீனு அது? எனக்கு ஒரு துண்டு வெக்கல?"

மாப்பிள்ளையின் அப்பா கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, "கிடார்காரரு சம்சாரத்த கூட்டிக்கினுதான் வரணும்" என்று சொல்லிக் கச்சேரியை அங்கேயே பேசி முடித்தாராம்.

கூரத்துக்குக் குழுவின் வேனில் நானும் போனேன். ஊர் எல்லை தாண்டியதும், ஜன்னல் காற்றில் வாயைத் திறந்து என்னென்னவோ பாடிக்கொண்டே வந்தேன். தாளம் போடுகிறவர் பின் சீட்டில் தட்ட ஆரம்பித்தார்.