இருநூற்றுப் பதினாலாம் இலக்கம்: வெளிவராத விளையாட்டுகள் ஐந்து

1998 பெப்ரவரி 11, புதன்கிழமை, காலை 6.20. கண்டியில் கடும் மூடுபனி, ஹந்தானை மலை இருந்த இடமே தெரியவில்லை. எங்கள் வீட்டுக்கு ஏறிவரும் இருபத்திரண்டு படிகளில் மேல் ஒன்பதுதான் கண்ணுக்குப் பட்டன. மிச்சப் பதின்மூன்றில் சப்பாத்துச் சத்தம் கேட்டது.

தலதா மாளிகை வாசலில் குண்டு வெடித்துப் பதினேழு நாள் ஆகியிருந்தது. தமிழர் வீடுகளில் தேடுதல் நடக்கிறதென்று தெரியும். எங்கள் முறை எப்போது என்பதுதான் தெரியாது. ஆகையால் தினமும் ஐந்து மணிக்கே எழும்பி, முகம் வழித்து, அடையாள அட்டைகள் மூன்றையும் மேசையில் வைத்துக் காத்திருந்தேன். எனக்கொன்று, மனைவிக்கொன்று, பத்தொன்பது வயது மகனுக்கொன்று.

வந்தவர்கள் எட்டுப் பேர். இராணுவத்தினர் ஆறு, பொலிஸ் இரண்டு. மகனின் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒருவன் ஒரு மட்டைப்பெட்டியை இழுத்தான்.

அதில் இருந்தது என் மனைவியின் தம்பி கனடாவிலிருந்து கொண்டுவந்த தொலைக்காட்சி விளையாட்டு இயந்திரம். அவர் அங்கே புது விளையாட்டுகளை ஆடிப் பார்த்துப் பிழை சொல்லும் வேலையில் இருந்தவர். அந்த இயந்திரம் விலைபோகவில்லை. கம்பனி அதைக் கைவிட்டதும் அதற்கென்று பாதி செய்திருந்த விளையாட்டுகளும் அப்படியே நின்றுபோயின. கடைக்கு வராத அப்படி ஐந்தை மருமகனுக்கென்று தந்துவிட்டுப் போனார். கடையில் விற்பதற்குப் பிளாஸ்டிக் கூடும் படமும் பெயரும் இருக்குமாம். இவை வெறும் பச்சைத் தகடுகள். சிப் எனப்படும் கறுப்புச் சில்லுகள், ஈயப் பற்றுகள், ஒரு துண்டுத் தாளில் பென்சிலால் எழுதிய திகதி. என் கண்ணுக்கே அவை விளையாட்டாகத் தெரிந்ததில்லை.

"என்ன இது?" என்று சப்-இன்ஸ்பெக்டர் சிங்களத்தில் கேட்டார்.

மகனும் சிங்களத்திலேயே சொன்னான். "ரீவி கேம், சேர்."

"எந்தக் கடையில வாங்கினது?"

"கடையில இல்லை, சேர். இது வெளியில வரேல்லை."

"வெளியில வராத சாமான் உன்னட்ட மட்டும் எப்பிடி வந்தது?"

இந்த இடத்தில்தான் நான் பிழை விட்டேன். அலுமாரியைத் திறந்து பட்டியலை எடுத்தேன்.

1983 ஜூலைக் கலவரத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீடு எரிந்தது. நட்டஈட்டு விண்ணப்பத்தில் பொருள், எண்ணிக்கை, பெறுமதி என்று மூன்று நிரல்கள் இருந்தன. அரசாங்கக் கணக்குப் பகுதியில் வேலை செய்த எனக்கு என் வீட்டில் எத்தனை கதிரைகள் இருந்தன என்று தெரியவில்லை. நான் ஆறு என்றேன், மனைவி எட்டு என்றா. கேட்டதில் காற்பங்குகூடக் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து ஒரு கரண்டி வாங்கினாலும் எழுதிவந்தேன். அடுத்த முறை எரித்தால் கந்தோரில் வாசிப்பவர்களுக்கு வசதியாகச் சிங்களத்தில், மூன்று பிரதிகள். எழுதிவைத்திருப்பவனிடம் ஒளிவுமறைவு இருக்காதென்று யாரும் நினைப்பார்கள் என்பது என் எண்ணம்.

சப்-இன்ஸ்பெக்டர் 214ஆம் இலக்கத்தில் விரலை வைத்து வாசித்தார். தொலைக்காட்சி விளையாட்டுத் தகடுகள், 5, வெளியிடப்படாதவை. பெறுமதி நிரல் வெறுமையாக இருந்தது. விலைக்கே வராத பொருளுக்கு என்ன விலை போடுவது?

பெட்டியிலிருந்தவற்றைக் கட்டிலில் பரப்பி எண்ணினார். பிறகு என்னையும் எண்ணச் சொன்னார். நான்கு.

"கணக்காளர் மஹத்தயா," என்றார். "உங்கட கணக்குப் பிழைக்குமா?"

மகன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். எங்கோ விழுந்து கிடக்கும், தேடித் தருகிறேன் என்றேன்.

"நாளைக்கு மத்தியானத்துக்குள்ள அந்த ஐஞ்சாவது தகடு ஸ்டேஷனுக்கு வரவேணும். இல்லாட்டி இவரைக் கொழும்புக்கு அனுப்புவம்."

பக்கத்து வீதிப் பையன் ஒருவன் கொழும்புக்குப் போய் ஏழு மாதமாகியும் திரும்பவில்லை.

மட்டைப்பெட்டியோடு மகனையும் கூட்டிப்போகச் சட்டை மாற்றச் சொன்னார்கள். சட்டை போடும் சாட்டில் மகன் என் காதருகே குனிந்தான். "கெலிஓயா றேடியோக் கடை, அப்பா. முந்நூற்றைம்பதுக்குக் குடுத்திட்டன்."

"வித்தா எனக்குச் சொல்லுறதுக்கென்ன? கழிச்சிருப்பனே."

அவனிடம் நான் சொல்லியனுப்பிய வார்த்தை அதுதான்.

உண்மையைப் பொலிஸில் சொல்ல முடியாது. தகடு கைமாறியது என்றால் கடைக்காரரும் உள்ளே போவார். இருவருக்கும் என்ன தொடர்பென்ற கேள்வியும் வரும். மனைவி குசினி வாசலில் நின்றா.

"இஞ்சருங்கோ, அந்தப் பட்டியலை அடுப்பில போடச் சொல்லி எத்தினை தரம் சொன்னனான்?"

"மூண்டு தரம்," என்றேன்.

கெலிஓயாக் கடையில் கடைக்கார முஸ்லிம் நானாவைத் தவிர வேறு ஆளில்லை. விஷயத்தைக் கேட்டதும் கதவை அரைவாசி சாத்தினார்.

"ரெண்டு சில்லக் கழட்டிட்டேனே, ஐயா. வேறொரு சாமானுக்குப் போட்டுப் பாத்தேன், சரிவரல்ல."

"திரும்பப் போட்டா வேலை செய்யுமோ?"

"அல்லாஹ் நாடினா செய்யும். உங்கட மகன்தான் பெரிய கெட்டிக்காரன், படம் தெரியாத சாமானக் கொண்டாந்து வித்துட்டுப் போயிருக்கான். கடையில வந்த சாமானா இருந்தா எங்கயாச்சும் ஒரு புத்தகத்தப் பாத்து ஒட்டலாம். இத எதப் பாத்து ஒட்டுற?"

ஒரு சில்லுக்கு இருபத்தெட்டுக் கால்கள். ஐம்பத்தாறையும் அவர் ஒட்டி முடிக்க ஐம்பது நிமிடம். காசு வேண்டாமென்றார், முந்நூற்றைம்பதை மேசையில் வைத்தேன்.

"பழைய றேடியோ ஒண்டுக்குள்ள வெச்சுத் தாறேன், யாருக்கும் தெரியாது."

"ஒளிச்சு வைச்சதைப் பிடிச்சா அதோட என்ரை கதை முடிஞ்சுது."

கண்ணாடிபோலத் தெரியும் பையொன்றில் போட்டு, பேருந்தில் மடியின்மேல் எல்லோரும் பார்க்கும்படி வைத்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்த பெண் எழும்பி வேறு இருக்கைக்குப் போனா. பேராதனைச் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். வரிசையில் நான் பதினான்காவது. எனக்கு முன்னே நின்றவர் ஒருவரைத் தனியே கூட்டிப்போனார்கள், நான் பதின்மூன்றானேன்.

சிப்பாய் பையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தான். "என்ன அங்கிள் இது?"

"ரீவி கேம்."

"எங்கட வீட்டிலயும் சின்னவன் இதுக்குத்தான் அழுறான்," என்று சொல்லித் திருப்பித் தந்தான்.

மறுநாள் காலை 11.40க்கு, வாடகை வேனில் தொலைக்காட்சிப் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனோம். மனைவியின் வற்புறுத்தலால் சட்டத்தரணி ஒருவரும் கூட வந்தார். மகனை அழைத்துவந்தார்கள். சேட்டில் மூன்று பொத்தான்கள் இல்லை. அதைப் பற்றி நான் கேட்கவில்லை, இன்றுவரை கேட்கவில்லை.

"எங்க, கேம் எண்டால் விளையாடிக் காட்டு," என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

நான்கு தகடுகளும் ஒவ்வொன்றாகப் படம் காட்டின. படகுகள் ஓடின, தண்ணீர் இல்லை. கார்கள் ஓடின, சக்கரம் இல்லை. ஐந்தாவதைச் செருகியபோது திரை கறுப்பாகவே நின்றது. நான் மனதுக்குள் எண்ணினேன். ஒன்று, இரண்டு. சப்-இன்ஸ்பெக்டர் கதிரையைப் பின்னுக்குத் தள்ளினார். பதினொன்றில் திரை வெளுத்தது.

நீலச் சட்டைக்காரன் ஒருவன் மலையேறினான். முதல் மலை, இரண்டாம் மலை. மூன்றாம் மலையை யாரும் வரையவில்லை. அவன் வெறுமைக்குள் கால்வைத்து விழுந்தான், விழுந்துகொண்டே இருந்தான்.

"பிறகு?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"அவ்வளவுதான், சேர். மிச்சம் செய்யேல்லை."

கான்ஸ்டபிள் ஒருவர் சிரித்தார். "இன்னொருக்கா விழுத்து பாப்பம்."

மகன் நான்கு தரம் விழுத்திக் காட்டினான். பிறகு தகடுகள் ஐந்தையும் எண்ணி எழுதி, பற்றுச்சீட்டுத் தந்து, வைத்துக்கொண்டார்கள். மகனை எங்களோடு அனுப்பினார்கள். தகடுகளைக் கேட்டு நான் திரும்பப் போகவேயில்லை.

அதற்குப் பிறகு மகன் தெருவில் பத்து நிமிடம் பிந்தினால் படியில் நின்று எண்ணத் தொடங்கிவிடுவேன். மனைவி அதைப் பொறுக்கமாட்டாமல் நகைகளைக் கழற்றித் தந்தா. அந்த ஓகஸ்டிலேயே அவனைக் கனடாவுக்கு, மாமனிடம் அனுப்பினோம். வழியனுப்பிவிட்டு வந்த அன்று பட்டியலை எடுத்து, 214ஆம் இலக்கத்துக்கு எதிரே வெறுமையாகக் கிடந்த நிரலை நிரப்பினேன். சட்டத்தரணிக்கு 2,500. வேனுக்கு 180. நானாவுக்கு 350. பேருந்துக்கு 9. இரண்டு நாள் மகனுக்குக் கொண்டுபோன சாப்பாடு 126. பயண முகவருக்கு 6,50,000. ஆக மொத்தம் ரூபா 6,53,165.